முன்னிலையும் படர்க்கையும்

தமிழ் இலக்கணத்தார் தன்மை, முன்னிலை, படர்க்கை என மூன்றினை வகுத்து, அவற்றை 'இடம்' என்று வழங்கினர். பேசுவோன் தன்மை, அவனெதிரே நின்று கேட்போன் முன்னிலை, அவ்விருவராலும் பேசப்படுவது படர்க்கை. ஆளைக் குறிப்பதற்கு 'இடம்' என்னுஞ் சொல்லை முன்னோர் ஏன் தெரிந்தெடுத்தனர் என்று மாணவர் வினவுவதுண்டு. நாம் ஒருவரோடு கொள்ளும் உறவைப் பொறுத்தே அவர் நிற்கும் இடம் அமைகின்றது என்பது யான் கூறும் விடை. எதிரே நிற்பவனை 'நீ' என்கின்றோம்; அவன் அகன்றபின் அவனே 'அவன்' ஆகிவிடுகின்றான். இச்சிறு இலக்கணச் செய்தியைச் சமய வாழ்விலும் பொருத்திப் பார்க்க வேண்டிய நிலை இன்று மாத்தளைப் பகுதியிலே தோன்றியிருக்கின்றது.

கிறித்தவத் தமிழர் 'தேவ பிரசன்னம்' என்றொரு தொடரை வழங்குவர். ஆண்டவர் தம் எதிரே நிற்கின்றார் என்னும் உணர்வே அது. தமிழிற் சொன்னால் ஆண்டவரின் முன்னிலை. அம்முன்னிலையைத் தேடி நம்மவருட் பலர் இப்போது ஓயாது அலைகின்றனர். ஞாயிறு காலையில் நகரத்திலே ஓர் ஆலயம். மாலையில் வேறொரு சபை. வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டம் மூன்றாவது இடத்தில். இரத்தோட்டையிலிருந்தும் உக்குவளையிலிருந்தும் எல்கடுவையிலிருந்தும் கைக்குழந்தையோடு பஸ் ஏறி வருவோர் பலர். "அங்கே பிரசன்னம் இறங்குகிறது, இங்கே ஒன்றுமில்லை" என்பது அவர்கள் கூறும் காரணம். சில மாதங்கள் சென்றபின், முன்னர் 'அங்கே' எனப்பட்ட சபை 'இங்கே' ஆகிவிடும். வேறோர் 'அங்கே' தோன்றும்.

கிறித்தவக் குடும்பத்திற் பிறந்து, தேவாரத்தையும் தேம்பாவணியையும் ஒரே மேசையில் வைத்துக் கற்பிப்பவன் என்ற உரிமையோடு இதுபற்றிச் சில கூற விழைகின்றேன்.

முதற்கண், இவ்வாறு அலைவோரை எள்ளி நகையாடுதல் தகாது. நாட்கூலிக்குக் கொழுந்து பறிக்கும் ஒரு தாய், நோயுற்ற பிள்ளையையோ குடிக்கு அடிமையான கணவனையோ எண்ணி அழுவதற்கு ஓரிடந் தேடுகின்றாள். அவள் பிறந்து வளர்ந்த ஆலயத்தில் அவளது பெயரை அறிந்தார் எவருமிலர். புதிய சபையாரோ அவளைப் பெயர் சொல்லி அழைத்தனர். வைத்தியசாலைக்கு வந்து பிள்ளையின் கட்டிலருகே முழங்காற்படியிட்டனர். அவள் அங்கே சென்றதிற் குற்றமென்ன? பழைய சபைகளின் பாராமுகம் இவ்வலைச்சலுக்கு ஒரு பெருங் காரணம் என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எனினும், இந்நாட்டுக் கிறித்தவ வரலாறு காட்டும் நெறி வேறு. 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைப்பட்டது. கத்தோலிக்கக் குருமார் துரத்தப்பட்டனர். அவர்களுக்குப் புகலிடம் கொடுத்தலுங் குற்றமாயிற்று. 1687இல் யோசேவாஸ் அடிகள் தூத்துக்குடித் துறைமுகம் விட்டு யாழ்ப்பாணம் வந்து சேரும்வரை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், பூசையுமில்லை, பாவசங்கீர்த்தனமுமில்லை. ஒரு தலைமுறை முழுவதும் குருவின் முகத்தையே காணாது வளர்ந்தது. ஆயினும் அவர்தம் விசுவாசம் மாளவில்லை. பெற்றோர் கற்பித்த செபங்களை இரவிலே, கதவடைத்த வீட்டுக்குள், பிள்ளைகள் சொல்லிக்கொண்டிருந்தனர். அவர்களுக்குத் தேவ பிரசன்னம் இல்லையென்று கூற எவர்க்கு நாவெழும்?

வந்த அடிகளாரும் ஆலயங் கட்டி மக்களை அழைத்தாரல்லர். ஏழைக் கூலியாளின் கோலத்திலே, கழுத்திற் செபமாலையோடு, வீடு வீடாக இரந்து சென்று தம் மந்தையைக் கண்டுபிடித்தார். 1692இல் கண்டி சேர்ந்தபோது வேவுகாரன் என்ற ஐயத்தாற் சிறையிடப்பட்டார். 1697இல் கண்டியில் வைசூரி பரவி, நோயுற்றாரை உறவினரே கைவிட்டு ஓடியபோது, அந்நோயாளரின் புண்களைக் கழுவி உணவூட்டினார். நம் மாத்தளை மாவட்டத்தில், போர்த்துக்கேயர் வழிவந்தோரின் ஊரென அறியப்படும் வஹாகோட்டைக் கத்தோலிக்கரையுந் தேடிச் சென்றார். 1711இல் கண்டியிலே உயிர்நீத்த அப்பெரியார் 2015இல் கொழும்பு காலிமுகத்திடலிற் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

சீர்திருத்த சபையார் வரலாறும் இதற்கு வேறுபட்டதன்று. மன்னார்க் கரையிலிறங்கி, காட்டு வழியே நடந்து, வழியில் மாண்டவர் போக எஞ்சியோராய்க் கோப்பித் தோட்டங்களை அடைந்த நம் மூதாதையரிடையே பணி செய்வதற்கென 1854இல் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கப்பட்டது. அதன் உபதேசியார்கள் கையிற் குடையும் வேதாகமமுமாக மலையேறித் தோட்டந் தோட்டமாக நடந்தனர். வேலை முடிந்த மாலையில், லயத்து வாசலிலே நின்று பேசினர். இவ்விரு வரலாற்றிலும் நடந்தவன் மேய்ப்பன். இன்றோ மந்தை நடக்கின்றது. மேய்ப்பன் ஒலிபெருக்கியோடு ஓரிடத்தே இருக்கின்றான்.

அவ்வாறாயின் தலயாத்திரை தவறோ என்று வினவலாம். அன்று. ஆனி மாதத்தில் அந்தோனியார் திருநாளுக்கு வஹாகோட்டைக்கும், ஆவணியில் மடுத் திருப்பதிக்கும் செல்வது நம் மரபு. ஆயின் யாத்திரிகன் வீடு திரும்புவான். திரும்பித் தன் ஊர்க் கோயிலிலே முன்னினும் ஊக்கத்தோடு விளக்கேற்றுவான். மடு அன்னையின் திருவுருவமே ஒல்லாந்தர் காலத்தில் மாந்தையிலிருந்து காட்டுக்குள் ஓடிய மக்களோடு உடன் சென்றதுதான். 2008இல் போர் நெருங்கியபோதும் அது தேவன்பிட்டிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அவ்வாண்டிலேயே மீண்டது. துன்புறும் மக்கள் போகுமிடத்துக்கு அவர்தம் வழிபாடும் உடன்போயிற்று.

சைவ மரபிலும் இவ்வுண்மை உண்டு. அப்பரடிகள் தலந்தோறும் நடந்தவர். இறைவன் எங்கும் உளன் என்று கொள்ளாதார்க்குப் புண்ணிய நதிகளில் ஆடியும் பயனில்லை என்று பாடியவரும் அவரே. சென்ற தலந்தோறும் அவர் கையில் உழவாரப்படை இருந்தது. புல்லைச் செதுக்கி முற்றத்தைத் துப்புரவாக்கினார். சமாரியப் பெண்ணுக்கு இயேசு கூறியதும் இதனோடு ஒத்ததே. இந்த மலையோ எருசலேமோ என்று அவள் வினவ, வழிபாடு அவ்விரண்டிலுந் தங்கியதன்று என விளக்கினார் அவர்.

இனி, இவ்வலைச்சலால் நேரும் இழப்பைக் கூறுவேன். தோட்டங்களில் முன்னோர் கல் சுமந்து எழுப்பிய சிற்றாலயங்கள் பல ஞாயிற்றுக்கிழமையிலும் பூட்டிக் கிடக்கின்றன. கதவு பூட்டியிருப்பது மட்டுமன்று இழப்பு. லயத்தில் ஒரு கிழவி இறந்தால், இராமுழுதும் உடனிருந்து கீர்த்தனை பாட ஆளில்லை. பாடத் தெரிந்தவர் நால்வர் நான்கு சபைகளுக்குப் பிரிந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பாராதிருக்கின்றனர். கொரிந்து நகரத்தார் தாம் இன்னாரைச் சேர்ந்தவரென்று பிரிந்து நின்றதற்காகப் பவுல் எழுதிய கடிதத்தை, நம் எல்கடுவைக்கும் எழுதியதாகவே படித்தல் நன்று.

ஒரே சபையில் நெடுங்காலம் இருப்பது எளிதன்று. நாம் தெரிந்தெடுக்காத அயலாரோடு, அவர்தம் குறைகளோடும் நம் குறைகளோடும் இருந்து பழக வேண்டியிருக்கின்றது. சண்டையிட்டவனோடு மறுவாரமே ஒரே வாங்கில் அமர வேண்டும். அன்பு என்று வேதம் கூறுவது இப்பழக்கத்தினால் வளர்வது. சபையை மாற்றுகின்றவன் ஒவ்வொரு முறையும் இப்பயிற்சியைத் தொடக்கத்திலேயே விட்டு விடுகின்றான். ஒரு கூட்டத்தில் உள்ளம் உருகி அழுதல் நல்லதே. ஆனால் அழுகை தணிந்து மறுகூட்டத்தை நாடும் மனம், ஆண்டவரைத் தேடுகின்றதோ அவ்வழுகையைத் தேடுகின்றதோ என்று தன்னைத்தான் கேட்க வேண்டும். எலியா தீர்க்கதரிசி பெருங்காற்றிலும் பூமியதிர்ச்சியிலும் நெருப்பிலும் ஆண்டவரைக் கண்டாரல்லர்; அவற்றின்பின் வந்த மெல்லிய குரலிலே கண்டார்.

'ஆண்டவர் அங்கே இருக்கின்றார்' என்று சொல்லும் நாவில் அவர் படர்க்கையாகிவிடுகின்றார். அவரைப்பற்றிப் பேசுகின்றோம், அவரோடு பேசவில்லை. 'நீரே' என்று விளிப்பவனுக்கு அவர் முன்னிலை. அதற்குப் பஸ் கட்டணம் வேண்டியதில்லை.

குருமாரும் போதகரும் மாதமொருமுறையேனும் மலையேறி லயங்களுக்குச் செல்லட்டும். மக்களைப் பெயர் சொல்லி அறியட்டும். விசுவாசிகளோ, அடுத்த ஞாயிறு வேறு சபைக்குப் புறப்படுமுன், தம் லயத்திலே படுக்கையாய்க் கிடக்கும் ஒருவரின் காம்பராவுக்குள் அரைமணி நேரம் சென்று அமரட்டும். பூட்டிய சிற்றாலயத்தின் திறப்பு எவர் வீட்டிலிருக்கின்றது என்று அவர்க்குத் தெரிந்திருக்கக்கூடும்.