விறகு அறுப்பும் விசை கூட்டிய வாளும்

பெட்ரோல் எஞ்சினால் இயங்கும் சங்கிலி வாளின் சைலென்சரை அகலத் திறந்தும், சிலிண்டரின் வாயுத் துளைகளை அராவிப் பெரிதாக்கியும் அதன் விசையை மிகுவிப்போர் உளர். அவ்வாறு செய்த வாள் விரைந்து அறுக்கும் என்பது மெய்யே. ஆயினும், விறகு சேர்ப்போருக்கு அதனால் உண்மைப் பயன் உண்டா என்பதே வினா.

விறகு வேலையில் அறுத்தல் ஒரு பகுதியே. பிளத்தல், சுமத்தல், அடுக்குதல் ஆகியவையே பெரும்பொழுதைக் கொள்வன. துண்டுக்குச் சில விநாடி மிச்சமாவதால் அன்றைய வேலை பெரிதும் குறைந்துவிடாது.

மேலும், மரத்தை வெட்டுவது எஞ்சின் அன்று, சங்கிலியின் பல்லே. 1946-இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்பார், மரத்தைக் குடையும் வண்டுப் புழுவின் தாடைகளைக் கண்டு புதிய பல்லமைப்பை வகுத்தார். இன்றைய சங்கிலிகள் பெரும்பாலும் அவ்வழி வந்தவையே. கூரிய பல் சீவலாக வெட்டும். மழுங்கிய பல், எஞ்சின் எத்துணை வலியதாயினும், தூளையே உதிர்க்கும்.

திருத்தத்தால் வரும் தீங்குகளையும் எண்ணுதல் வேண்டும். இரைச்சல் மிகுந்து செவியைக் கெடுக்கும். பொறி தடுக்கும் வலையை அகற்றினால் காய்ந்த காட்டில் தீ மூளக்கூடும். எரிபொருட் கலவையை அதற்கேற்பச் சரிசெய்யாவிடில் பிஸ்டன் மிகச் சூடேறிப் பழுதாகும்.

நாள் முழுதும் பெருமரம் வீழ்த்துவோருக்கு இத்திருத்தம் ஓரளவு உதவலாம். விறகுக்கோ கூரிய சங்கிலியும் நல்லதோர் அரமும் போதும். ஆகவே, களப்பணியாளரும் ஆசிரியரும் முதற்கண் கற்பிக்க வேண்டுவது அரம் பிடிக்கும் முறையே ஆகும்.