ஜாபிதா திறக்காத இரவு

சங்கத்தின் பழைய கணிப்பொறி சென்ற மாதம் ஓய்வு பெற்றது. அங்கத்தினர் ஜாபிதாவைப் புதியதற்கு மாற்றும் பொறுப்பு நம் தலையில் விழுந்தது. பகலெல்லாம் பார்சல் ஆபீஸில் ரசீதுகளோடு மல்லாடும் குமாஸ்தாவுக்கு இது தேவையா என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

மறுநாள் பொதுக்கூட்டம். சந்தா செலுத்தியவர் யார், வாக்குரிமை உள்ளவர் யார் என்பதற்கு அந்த ஜாபிதா ஒன்றே ஆதாரம். அதைக் காப்பது போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளச் சேவை. பழைய வட்டிலிருந்த கோப்புறையைப் படியெடுத்து வைத்துச் சேவையை எழுப்பினோம். எழவில்லை. நான்கு முறை எழுப்பினோம். கணிப்பொறியையே அணைத்து ஏற்றினோம். பயனில்லை.

இரவு பத்து மணிக்குத்தான் சேவையின் பதிவேட்டைப் பார்க்கத் தோன்றிற்று. முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்றிருந்தது. விஷயம் இதுதான்: லினக்ஸில் எல்லா அதிகாரமும் படைத்த பயனர் ‘ரூட்’. போஸ்ட்கிரெஸ் அப்பெயரில் ஓட மறுக்கும்; தனக்கென அமைந்த பயனரின் பெயரில்தான் ஓடும். நாமோ ரூட்டாக இருந்து படியெடுத்ததால் கோப்புகள் யாவும் ரூட்டின் உடைமையாகிவிட்டன. பிறர் பெயருக்கு வந்த மூட்டையை நாம் பிரிக்கலாமா? அது போலத்தான்.

அவசரத்தில் அனைத்துக்கும் 777 என்று அனுமதி வழங்கினோம். எவரும் படிக்கலாம், எழுதலாம் என்று பொருள். சேவை அசையவில்லை, உரிமையாளர் சரியில்லை என்றது. உரிமையாளரை மாற்றினோம். இப்போது புகார் தலைகீழாயிற்று: அனுமதி மிகவும் தாராளம், 0700 அல்லது 0750 மட்டுமே ஏற்கப்படும்! (2018-இல் வந்த 11-ஆம் பதிப்புக்கு முன் 0700 ஒன்றே.)

முதலில் கோபம் வந்தது; பிறகு வெட்கம். அக்கணிப்பொறி இருப்பது நம் வாசகசாலையில். மாலைதோறும் பிள்ளைகள் தத்தம் கணக்கில் நுழைந்து பாடம் எழுதுகிறார்கள். ஜாபிதாவிலோ தனித்து வாழும் தாய்மாரின் முகவரிகளும், கல்வி உதவி பெறும் குடும்பங்களின் பெயர்களும் இருக்கின்றன. உதவி பெறுவது வெளியே தெரியக்கூடாதென்று கேட்டுக்கொண்டவர்கள் அவர்கள். கூட்டத்தை நடத்தும் அவசரத்தில் அத்தனையையும் கடைத்தெருவில் விரிக்கப் பார்த்தோம்.

கோப்புறைகளுக்கு 0700, கோப்புகளுக்கு 0600 என்று திருத்தியதும் சேவை எழுந்தது. மணி பன்னிரண்டு நாற்பது. காலையில் காரியதரிசி வாக்காளர் பெயர்களை அச்சிட்டு எடுத்துச் சென்றார். இரவு நடந்ததை அவரிடம் சொல்லவில்லை. இவ்விதழில்தான் முதன்முதலாகப் படிப்பார்.