ஆறாத வாய்ப்புண்ணுக்கு நாடி மட்டும் போதுமா?

சில வருஷங்களுக்கு முன் ஓர் அம்மாள் என்னிடம் வந்தார். கூடலூரிலிருந்து தினமும் ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்குப் போய்வருபவர். இடது கன்னத்தின் உட்புறம் வெள்ளைப்படை, நடுவில் சின்னதாகப் புண். "வலியெல்லாம் இல்லைங்கய்யா, காரம் பட்டாத்தான் எரியுது" என்றார். முப்பது வருஷமாக வெற்றிலை, பாக்கு, புகையிலைப் பழக்கம். திரிபலாப் பொடி போட்டு வாய் கொப்பளிங்க, மணத்தக்காளிக் கீரை சாப்பிடுங்க என்று அனுப்பிவிட்டேன். ஒரு மாதம் கழித்து வந்தபோது புண்ணின் ஓரம் தடித்துப் போயிருந்தது. அந்த ஒரு மாதத்தை வீணாக்கியவன் நான்தான். இன்றைக்கும் மனசு உறுத்துகிறது.

நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என எட்டுவகைத் தேர்வு படித்து வந்தவன் நான். அதன் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் வெள்ளைப்படைக்குள் செல்கள் கெட்டுவிட்டனவா என்பதை நாடி சொல்லாது. மைக்ரோஸ்கோப்தான் சொல்லும்.

"சதையை வெட்டினா புத்து பரவிடுமாமே?" என்று கேட்கிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். பல் பிடுங்கப் போடுகிற மரப்பு ஊசிதான். பயறளவு சதையை எடுத்து, மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் சுமார் 200-ல் ஒரு பங்கு கனத்துக்குச் சீவி, சாயம் ஏற்றுவார்கள். செல்லின் உட்கரு நீலமாகவும் மற்றது இளஞ்சிவப்பாகவும் தெரியும். உட்கரு பெருத்திருக்கிறதா, செல்கள் வரிசை குலைந்து ஆழத்தில் இறங்கிவிட்டனவா என்பது அப்போது தெரிந்துவிடும்.

தாடை வீக்கமும் இப்படித்தான். சொத்தைப்பல்லின் வேரில் வந்த நீர்க்கட்டி, முளைக்காத பல்லைச் சுற்றிய கட்டி, எலும்பை அரிக்கும் கழலை எல்லாமே எக்ஸ்ரேயில் ஒரே மாதிரி கறுப்பு நிழலாகத் தெரியலாம். கெரட்டோசிஸ்ட் என்ற கட்டி எடுத்த பிறகும் திரும்ப வரக்கூடியது. அதை உலக சுகாதார நிறுவனம் 2005-ல் கழலை என்று வகைப்படுத்தி, 2017-ல் மறுபடி நீர்க்கட்டி வரிசையில் சேர்த்தது. நிபுணர்களே இவ்வளவு யோசிக்கும்போது நாம் தடவிப் பார்த்து முடிவு கட்டலாமா? ஆபரேஷன் முடிந்ததும், "கட்டியை லேபுக்கு அனுப்பினீங்களா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

"புகையிலை இல்லீங்க, வெறும் பாக்குதான்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. மூன்று விரல் நுழையுமளவு வாய் திறக்க முடியவில்லையா? உடனே காட்டுங்கள்.

சக சித்த வைத்தியர்களுக்கும் சொல்கிறேன்: இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணுக்குச் சூரணத்தை மாற்றிக் கொண்டிருக்காதீர்கள். க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கோ அனுப்பி வையுங்கள். இதில் நமக்கு எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை.

அந்த அம்மாளுக்குப் புற்று ஆரம்ப நிலையில்தான் இருந்தது. ஆபரேஷன் ஆகி, கன்னத்தில் தழும்போடு நலமாக இருக்கிறார். வெற்றிலைப் பையைத் தூக்கி எறிந்துவிட்டார். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. பத்தியம், மருந்து பற்றிப் பிறகு பேசலாம். முதலில் ரிப்போர்ட் கைக்கு வரட்டும்!