எது ஒத்துக்காது?

சென்னையில் ஒரு வீகன் இனிப்பகத்துக்கு என் அம்மாவை அழைத்துப் போனேன். அம்மாவுக்கு 71 வயது. வடுகபட்டியை விட்டு அவர் வெளியூர் போனதெல்லாம் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான். அந்தக் கடையில் பால், வெண்ணெய், முட்டை எதுவும் கிடையாது. கோதுமை, கடலை, சோயா சேராத பலகாரங்களுக்குத் தனி அலமாரி. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்ற பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். அவள் விலைப்பட்டியலை நீட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டாள்.

“அம்மா, உங்களுக்கு ஒத்துக்காதது ஏதாவது இருக்கா?”

நான் முந்திக்கொண்டேன். “அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா.”

அம்மா என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னார்: “பாலு ஆகாது தாயி. குடிச்சா வயிறு உப்பிரும். ரெண்டு நாளைக்குச் சோறு எறங்காது.”

அந்தப் பெண் தலையாட்டிவிட்டு, “இங்க எதுலயும் பால் இல்லம்மா, பயப்படாமச் சாப்பிடுங்க” என்றாள். அவளுக்கு அது நாள் முழுக்கக் கேட்கிற கேள்வி. என் அம்மாவுக்கோ, 71 வருடத்தில் முதல் முறையாகக் கேட்கப்பட்ட கேள்வி.

என் வெட்கத்தை மறைக்காமல் எழுதுகிறேன். நான் தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவள். பெண்ணுடல் பற்றி வகுப்பெடுப்பவள். என் முதல் தொகுப்பில் அம்மாவின் வரக்காப்பி பற்றி ஒரு கவிதை உண்டு. பாலையெல்லாம் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு வெறும் கருப்பட்டிக் காப்பியைக் குடித்த தியாகத் தாய் என்று எழுதியிருந்தேன். மேடைகளில் வாசித்தபோது கைதட்டினார்கள், சிலர் கண்ணீர்கூட விட்டார்கள். அந்தக் கவிதை பொய். அம்மா பாலை விட்டுக்கொடுக்கவில்லை. அவர் குடலுக்குப் பால் சேரவில்லை, அவ்வளவுதான். அதை ஒரு வார்த்தை கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், அவர் வயிற்றுவலியின் மேல் நான் ஒரு தியாகத்தைக் கட்டி எழுப்பிவிட்டேன். தாயைத் தெய்வமாக்கும் ஆண் கவிஞர்களை வகுப்பறையில் எத்தனை முறை கிழித்திருக்கிறேன்! என் கவிதையும் அதே வேலையைத்தான் செய்திருக்கிறது.

வடுகபட்டி பூண்டுச் சந்தைக்குப் பேர்போன ஊர். கொடைக்கானல் மலைப்பூண்டு இறங்கி வந்து விலைபேசப்படும் இடம். அந்தப் பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அம்மா மண்டியில் பூண்டு தரம்பிரித்தவர். ஊரில் பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுப்பால்தான் மருந்து. அதைக் குடித்தால் தாய்ப்பால் ஊறும் என்பார்கள். அம்மாவுக்கு மூன்று பிரசவம். மூன்று முறையும் காலையும் மாலையும் பூண்டுப்பால். ஒவ்வொரு முறையும் வயிறு உப்பி, கழிந்து, துவண்டு கிடந்திருக்கிறார். “பச்ச ஒடம்புக்கு அப்பிடித்தான் இருக்கும்” என்று சொல்லியே குடிக்க வைத்திருக்கிறார்கள். அன்றிரவு விடுதியறையில் அவராகச் சொன்னார். அதுவரை நான் கேட்டதில்லை.

இது அரிய நோயும் அல்ல. பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையை உடைக்க லாக்டேஸ் என்ற நொதி வேண்டும். மழலைப் பருவம் கடந்தபின் பலருக்கு அது குறைந்துவிடும். உலக மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு லாக்டோஸ் முழுதாகச் செரிப்பதில்லை. உயிரைப் பறிக்கக்கூடிய ஒவ்வாமை வேறு, இது வேறு. இது ஆளைக் கொல்லாது. அதனால்தான் வீட்டில் யாருக்கும் இது ஒரு பொருட்டாகவே படவில்லை.

பெண் எதைத் தின்னக் கூடாது என்று சொல்ல இந்தச் சமூகத்துக்கு வாய் வலித்ததே இல்லை. கர்ப்பிணிக்குப் பப்பாளி ஆகாது, அன்னாசி ஆகாது. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம். வயசுக்கு வந்தவளுக்கு ஒரு பட்டியல், தாலியறுத்தவளுக்கு ஒரு பட்டியல். புறநானூற்றின் 246ஆம் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். கணவன் பூதப்பாண்டியன் இறந்தபின், தீப்பாயத் தன்னைத் தடுக்கும் சான்றோரிடம் பெருங்கோப்பெண்டு கைம்பெண்ணின் உணவை வரிசைப்படுத்திக் காட்டுகிறாள்: நெய்படாத சோறு, அரைத்த எள், புளிவிட்டு வேகவைத்த கீரை. இன்றைய வீகன் சட்டத்தில் வைத்துப் பார்த்தால் அந்தத் தட்டு நூற்றுக்கு நூறு தேறும். அன்று அது தண்டனை. இன்று அதே நெய்யில்லாத் தட்டு நகரத்தில் நாகரிகம். இரண்டுக்கும் நடுவிலுள்ள வேறுபாடு, வேண்டாம் என்று சொன்னது யார் என்பதுதான்.

பத்தியமும் கைம்மையும் அவள் உடம்பைக் கேட்டு எழுதிய பட்டியல்கள் அல்ல. ஒன்று பிள்ளைக்காக எழுதியது, மற்றது செத்த கணவனுக்காக எழுதியது. “உனக்கு எது சேரவில்லை?” என்ற கேள்வி இரண்டிலும் கிடையாது.

இந்தக் கடையைப் பற்றிச் சொன்னதும் நண்பர் ஒருவர் சிரித்தார். “பணக்காரங்க கொழுப்பு.” கொழுப்புதான். அம்மா தின்ற ஒரு துண்டுக் கேக்கின் விலை 320 ரூபாய். அம்மா மண்டியில் வேலை பார்த்த நாட்களில் ஒரு மாதக் கூலியாகக்கூட அவ்வளவு பணத்தைப் பார்த்ததில்லை. ஆனால் ஒரு கேள்விக்கு 320 ரூபாய் விலை இருக்கிறது என்றால் கோபம் யார் மேல் வர வேண்டும்? காசு வாங்கிக்கொண்டு கேட்டவள் மேலா, காசில்லாமல் கேட்டிருக்க வேண்டிய நம் மேலா?

இன்னொரு நண்பர் மரபுக்காரர். “நம்ம பாட்டிமார் பண்டமெல்லாம் வீகன்தானே?” உண்மைதான். உளுந்தங்களி, எள்ளுருண்டை, பொரிவிளங்காய், கருப்பட்டிப் பாகு, தேங்காய்ப்பால், எல்லாம் நம்மிடம் இருந்தன. வயசுக்கு வந்தபோது எனக்கும் உளுந்தங்களி கிண்டித் தந்தார்கள். இடுப்புக்குப் பலம், நாளைக்குப் பிள்ளை பெற வேண்டுமே என்றார்கள். பண்டம் நம்மிடம் இருந்தது, கேள்வி இல்லை. உரலில் இடித்தவளின் வயிறு எப்படி இருந்தது என்பதற்கு நம் மரபில் ஒரு குறிப்பும் இல்லை.

கடைக்காரர்களிடமும் எனக்கு வழக்குண்டு. சுவரில் ‘கொடுமையற்ற இனிப்பு’ என்று எழுதியிருந்தார்கள். வீகன் உணவுக்கென்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2022இல் தனி விதிகள் கொண்டுவந்தது. பச்சை நிறத்தில் முத்திரையும் உண்டு. விலங்கிலிருந்து வந்தது எதுவும் சேரவில்லை என்பதற்கு அந்த முத்திரை சாட்சி. பாலேட்டுக்குப் பதில் அந்தக் கேக்கில் அரைத்த முந்திரி. பண்ருட்டியிலும் கொல்லத்திலும் முந்திரிக்கொட்டையை உடைத்துத் தோலுரிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கொட்டையின் ஓட்டிலுள்ள எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். கேக்கின் மேல் தூவிய ஏலக்காய்க்கும் ஒரு கதை உண்டு. கம்பம், போடிப் பக்கத்துப் பெண்கள் விடியுமுன் எழுந்து சோறாக்கி வைத்துவிட்டு, ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறி, இடுக்கித் தோட்டங்களில் காய் பறித்துவிட்டு இருட்டும்போது வீடு திரும்புகிறார்கள். பசுவின் மடிக்குக் கொடுமை இல்லை என்று முத்திரை சொல்கிறது. பெண்ணின் விரலைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. பசுவுக்காகப் பேசாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கொடுமையற்றது என்று எழுதும் கை, அந்தப் பட்டியலைப் பாதியில் நிறுத்தக் கூடாது என்கிறேன்.

2020ஆம் ஆண்டின் விவரச்சீட்டு விதிகளின்படி, பொட்டலத்தில் வரும் உணவில் பால், முட்டை, மீன், நிலக்கடலை, சோயா போன்றவை இருந்தால் அதைத் தனியே குறிப்பிட வேண்டும். பொட்டலத்துக்குச் சட்டம் வந்துவிட்டது. வீட்டுத் தட்டுக்கு வரவில்லை. வீட்டில் யாருக்கு எது ஆகாது என்ற பட்டியல் முழுவதும் ஒரே ஒருத்தியின் தலைக்குள் இருக்கிறது. மாமனாருக்கு உப்பு, கணவனுக்குக் கத்தரிக்காய், பிள்ளைக்கு முட்டை, எதையும் அவள் மறப்பதில்லை. மறந்தால் ஏச்சு. அந்தப் பட்டியலில் அவள் பெயர் மட்டும் இருக்காது. தேசியக் குடும்பநல ஆய்வு (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 விழுக்காட்டுக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை என்கிறது. பாதிக்கு மேல்! கடைசியில் உண்பவள், மிச்சத்தை உண்பவள், ஒத்துக்காததையும் வாய்மூடி உண்பவள், எல்லோரும் அந்த எண்ணிக்கைக்குள் இருக்கிறார்கள்.

என் மாணவிகளுக்கு ஒரு வேலை தருகிறேன். இன்றிரவு அம்மாவிடம், பாட்டியிடம், அண்ணியிடம் கேளுங்கள்: “உங்களுக்கு எது ஒத்துக்காது?” ஒண்ணுமில்லை என்பார்கள். நம்பாதீர்கள், மறுநாளும் கேளுங்கள். அம்மாவுக்காக முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள், நான் சொன்னதுபோல. விடுதியில் இருப்பவர்கள் சாப்பாட்டுக் குழுவில் இதே கேள்வியை எழுத்தில் வையுங்கள். பதில் கிடைத்தால் அடுத்த நாள் சமையல் மாற வேண்டும். அதை மாற்றும் வேலையும் அம்மா தலையில் விழக் கூடாது. அண்ணன் தம்பிகளும் அடுப்படிக்கு வரட்டும்.

அம்மா அந்தக் கேக்கை முழுசாகத் தின்றார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “பரவாயில்ல. நம்ம கருப்பட்டி அதிரசத்துக்கு ஒறை போடக் காணாது” என்றார். அடுத்த தொகுப்பில் அந்த வரக்காப்பிக் கவிதையைத் திருத்தி எழுத வேண்டும். அதற்கு முன்னால் அம்மாவிடம் கேட்க இன்னும் நிறைய இருக்கிறது.