ஜோடி என்று விற்பதெல்லாம் ஜோடி அல்ல

காவலுக்கும் முட்டைக்குமாகக் கூஸ் வாத்து வளர்ப்போர், சந்தையில் 'ஜோடி' என்று கொடுப்பதை அப்படியே நம்பி வாங்கி வருகின்றனர். ஓராண்டு தீனி போட்ட பின் முட்டையே காணோம். அல்லது அடைவைத்த முட்டை ஒன்றுகூடப் பொரிப்பதில்லை. தீனியைக் குறைகூறுமுன் இரண்டும் ஒரே பாலா என்று பார்ப்பது நல்லது. இரண்டு ஆண்களோ இரண்டு பெட்டைகளோகூட ஜோடிபோல் சேர்ந்தே திரியும்; அது அத்தாட்சி ஆகாது.

நாட்டு வாத்தில் ஆணின் வாலில் சுருண்ட இறகு இருக்கும். கூஸ் வாத்தில் அந்த அடையாளம் கிடையாது. நெற்றிப் புடைப்புள்ள சீன இனத்தில் ஆணின் புடைப்பு பெரியது, குரல் உயர்ந்து கீச்சிடும், பெட்டையின் குரல் கரகரப்பானது என்பதெல்லாம் உண்மையே. ஆனால் வயது வேறுபட்டால் புடைப்பும் எடையும் ஏமாற்றிவிடும்.

எச்சத்துவாரத்தைச் சோதிப்பதே நம்பகமான முறை. பறவையை மல்லாத்தி, வால் வெளிப்பக்கம் இருக்குமாறு தொடைமேல் கிடத்த வேண்டும். நகம் வெட்டி எண்ணெய் தடவிய சுட்டுவிரலை அரை அங்குலம் நுழைத்து மெல்லச் சுற்றினால் சுருக்குத்தசை தளரும். பிறகு துவாரத்தின் இருபக்கமும் இலேசாக அழுத்தினால், ஆணில் உறுப்பு வெளியே வரும். முதிர்ந்த ஆணில் அது திருகுபோல் இருக்கும். பெட்டையில் மடிப்புகளே தெரியும். இளம் ஆணில் உறுப்பு மிகச் சிறியது. அவசரப்பட்டால் பெட்டை என்று எண்ணிவிட நேரும். குஞ்சுகளைப் பழகிய கைகளே சோதிக்க வேண்டும். முதன்முறை செய்பவர் கால்நடை மருத்துவரிடம் நேரில் கற்றுக்கொள்ளலாம். விற்பவர் சோதித்துக் காட்ட மறுத்தால் வேறு இடம் பார்ப்பதே மேல். கூச்சத்துக்கு இதில் இடமில்லை.

கையில் பணம் இருந்தால், உறவில்லாத ஓர் ஆணும் மூன்று பெட்டைகளும் வாங்குவது ஜோடியைவிட இலாபம். இவை ஒன்றோடொன்று பழக நாளாகும். ஆகவே முட்டைப் பருவத்துக்கு ஒரு மாதம் முன்பே சேர்த்துவிட வேண்டும். முதலாண்டில் பொரிப்புக் குறைந்தால் கழித்துவிடுவது பெரும் தவறு. இரண்டாம் ஆண்டு முட்டைகளே நன்கு பொரிக்கும்.

பெட்டை அடைக்கு அமராவிடில் நாட்டுக்கோழியின் கீழ் 4 முதல் 6 முட்டை வைக்கலாம். அவ்வளவு பெரிய முட்டையைக் கோழியால் புரட்ட இயலாது. நாள்தோறும் இருமுறை கையால் புரட்ட வேண்டும். 15ஆம் நாளுக்குப் பின் வெதுவெதுப்பான நீரும் தெளிக்க வேண்டும். குஞ்சு வெளிவரச் சுமார் 30 நாட்கள் ஆகும். கோழி முட்டைக் கணக்கில் 21 நாள் பார்த்துவிட்டு, கூமுட்டை என்று குப்பையில் எறிந்துவிடாதீர்கள்.