உக்கிப் போச்சு எண்டு சொல்லாதீங்க

போன செப்டம்பரில் வாவிக்கரை துப்புரவுக்குப் போனோம். வலையிறவுப் பாலத்துக்குக் கிட்ட, கண்டல் வேரில் சுற்றிக் கிடந்த ஒரு சொப்பிங் பையைப் பிடித்து இழுத்தால் பை வரவில்லை. கை நிறையச் செதில்தான் வந்தது. பக்கத்தில் வீச்சுவலை உதறிக்கொண்டிருந்த மாமா சிரித்தார். "அது உக்கிப் போயித்து மனே, விடுங்க." நாங்களும் விட்டுவிட்டு அடுத்த பைக்குப் போனோம்.

அந்த 'உக்கிப் போயித்து' பிறகு எங்களை விடவில்லை. நாங்கள் கலைப்பீடத்து ஆக்கள், இரசாயனத்தை ஓ/எல்லோடு கைகழுவியவர்கள். விஞ்ஞானபீடத்து நண்பர்களைப் பிடித்து இருத்திக் கேட்டோம். விளங்கியது இதுதான்: வாழையிலை உக்கும், மண்ணாகும். சொப்பிங் பை நொறுங்கும், அவ்வளவுதான்.

பொலித்தீன் என்பது ஆயிரக்கணக்கான காபன் அணுக்கள் வரிசையாகக் கோர்த்த நீளச் சங்கிலி. இவ்வளவு நீளமான மூலக்கூறு உண்டு என்று 1920இல் ஹேர்மன் ஸ்டவ்டிங்கர் எழுதியபோது பெரிய இரசாயனவியலாளர்களே நம்பவில்லை. 1953இல் அதற்கே நோபல் பரிசு கொடுத்தார்கள். இந்தச் சங்கிலிகள் இடியப்பம் மாதிரிச் சிக்கிக் கிடக்கின்றன. ஒரு பக்கத்தைத் தூக்கினால் முழு இடியப்பமும் கூடவே வரும். அதே மாவில்தான் புட்டும் அவிக்கிறோம், ஆனால் புட்டைத் தூக்க ஏலாது, உதிரும். மாவில் வித்தியாசமில்லை, இழையின் நீளத்தில்தான்.

ஒரு புதுப் பையில் விரலகலத் துண்டு வெட்டி மெல்ல இழுத்துப் பாருங்கள். ஓரிடத்தில் ஒடுங்கி, வெளிறி, நீண்டுகொண்டே போகும். பிறகு திடீரென்று விறைத்துப் போகும். சிக்கிக் கிடந்த சங்கிலிகள் இழுத்த பக்கம் நிமிர்ந்துவிட்டன. இப்போது அந்தத் திசையில் அறுப்பது கஷ்டம், நெடுக்காகக் கிழிப்பது சுகம், தென்னோலை மாதிரி. தங்கூசி வலையின் பலமும் இதே வித்தைதான். தொழிற்சாலையில் நைலோன் இழையைப் பல மடங்கு நீளத்துக்கு இழுத்து, சங்கிலிகளை நிமிர்த்தித்தான் அதைச் செய்கிறார்கள்.

வெயில் செய்வது நேர்மாறு. புற ஊதாக் கதிரும் ஒட்சிசனும் சேர்ந்து சங்கிலியை அங்கங்கே வெட்டுகின்றன. துண்டு சிறிதானால் சிக்கிப் பிடிக்க நீளமில்லை. நீண்டு கொடுத்த பை, தொட்டதும் வெடிக்கிறது. இடியப்பம் புட்டாகிறது. எங்கள் கையில் வந்த ஒவ்வொரு செதிலும் பிளாஸ்டிக்தான், மீனும் இறாலும் விழுங்கும் அளவுக்கு வந்துவிட்ட பிளாஸ்டிக்.

தங்கூசிக்கு இந்தக் கதியும் இல்லை. நைலோன் தண்ணீரை விடப் பாரம், அறுந்த வலை அடிக்குப் போய்விடும். எங்கள் வாவியின் கலங்கல் தண்ணிக்குக் கீழே வெயில் அவ்வளவாகப் போகாது. ஆகவே சங்கிலியும் இலேசில் அறாது. ஆளில்லாமலே மீன் பிடித்துக்கொண்டு கிடக்கும். 2006இல் வந்த ஒழுங்குவிதி தங்கூசியைத் தடை செய்தது. அதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் ஏற்கெனவே அடியில் கிடக்கும் வலையை யார் எடுப்பது?

பைக்கும் சட்டம் உண்டு. 2017 செப்டம்பர் முதலாம் திகதி முதல் 20 மைக்ரோனுக்கு மெல்லிய பொலித்தீன் தடை. தடித்த பையைத் திரும்பப் பாவிக்கலாம், அது நியாயம்தான். என்றாலும் தடிப்பம் கூடினால் சங்கிலி மாறிவிடாது. அதைவிட மோசம் 'உக்கும் பை' என்று அச்சடித்து விற்கும் சில பைகள். சங்கிலி சீக்கிரம் அறுவதற்கு உலோக உப்புச் சேர்த்த பொலித்தீன் பையும் அந்தப் பெயரில்தான் உலகெங்கும் விற்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் இந்தச் சாமானையே தடை செய்துவிட்டது. கெதியாய் நொறுங்குவதை நல்ல குணமென்று விற்பதற்கு நிறையத் துணிவு வேணும்.

இனி எங்கள் பிழைக்கு வருவோம். செப்டம்பர் மூன்றாம் சனி உலகக் கடற்கரைத் துப்புரவு நாள். அதை ஒட்டித்தான் நாங்களும் சாக்கோடும் கையுறையோடும் போனோம். மட்டக்களப்பின் கலண்டர் வேறு. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழை ஊர்ப் பைகளை எல்லாம் வாவிக்கு அள்ளி வரும். தண்ணி வடிய, மாசியில் அவை கரையில் முழுசாகக் கிடக்கும். பங்குனியிலிருந்து ஆவணி வரை வெயில் தன் வேலையைச் செய்யும். நாங்கள் போய்ச் சேரும்போது பாதி செதிலாகிவிட்டது. அடுத்த மழை அதை வாவிக்குள்ளே கொண்டு போகும், அங்கே எந்தச் சாக்கிலும் அள்ள ஏலாது. கரை துப்புரவாகத் தெரிந்ததற்கு நாங்களும் படம் எடுத்துப் போட்டோம், லைக்கும் விழுந்தது.

மாசியில் கம்பஸில் பரீட்சை வரும், உலக நாளும் இல்லை, ரீசேர்ட் அடித்துத் தரவும் ஆளிருக்காது. இருந்தாலும் வாற மாசியில் போறம். அந்த மாமாவிடமும் கதைத்துவிட்டோம். வலை அறுந்த இடங்கள் அவருக்கு மனப்பாடம், தோணியில் இரண்டு பேருக்கு இடமிருக்காம்.