கல்வித் துறைத் தலைவரும் நம் வீட்டுப் பிள்ளையும்

‘பள்ளியில் தமிழாசிரியர் இல்லை’ என்று கூடுமிடமெல்லாம் வருந்துகிறோம். யாரிடம், எவ்வாறு கேட்பது என்று எண்ணுவதில்லை.

1854ஆம் ஆண்டு சார்லஸ் உட் விடுத்த அறிக்கையை ஒட்டி மாகாணந்தோறும் கல்வித் துறையும் அதற்கொரு தலைவரும் ஏற்பட்டனர். அவரை இயக்குநர் என்றோ ஆணையர் என்றோ இன்று மாநிலத்துக்கு மாநிலம் வெவ்வேறாக அழைப்பர். சட்டம் இயற்றுவது சட்டமன்றம். அதை ஆசிரியராகவும் பாடநூலாகவும் பள்ளியில் சேர்ப்பது அவர் அலுவலகம். 1956இல் காமராசர் ஆட்சி தொடங்கிய மதிய உணவுத் திட்டத்தை, இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு ஊர்மக்களின் துணைகொண்டே பரப்பினார்.

வகுப்பில் 10 பேரோ பள்ளியில் 40 பேரோ இருந்தால் தொடக்க வகுப்புகளில் தாய்மொழி வழியே கற்பிக்க ஆசிரியர் வேண்டுமென்று 1949இல் கல்வி அமைச்சர்கள் மாநாடு முடிவு செய்தது. 1956இல் அரசியலமைப்பில் சேர்ந்த 350-ஏ பிரிவும் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்யுமாறு மாநிலங்களைப் பணிக்கிறது.

சென்ற ஆண்டு என் மகனுக்காகத் தனியே மனு எழுதினேன். ‘ஒரு மாணவனுக்காக ஆசிரியரை அமர்த்த இயலாது’ என்று விடை வந்தது. முதலில் சினந்தேன், பின்னர் நாணினேன். ஒரு மூட்டைக்குத் தனி வாகன் கேட்பவரிடம் சரக்கு அலுவலகத்தில் நானும் அதைத்தானே சொல்வேன்! அதே பள்ளியில் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று நான் விசாரிக்கவே இல்லை.

அன்பர்களே, அடுத்த கூட்டத்துக்கு வருகையில் உங்கள் பிள்ளையின் பெயர், பள்ளி, வகுப்பு மூன்றையும் எழுதி வாருங்கள். பட்டியலோடு சேர்ந்தே மனுச் செய்வோம்.